தொப்பிக்கு ஒரு பெட்டி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஓசையைப் பெரிது, சிறிது என்று பிரிப்பது உலக வழக்கம். இயற்பியல் படிப்பவர்களுக்கு அது போதாது. மேலோசை, கீழோசை என்றும் பிரித்தாக வேண்டும். வினாடிக்கு ஆயிரக்கணக்கில் அதிர்வது மேலோசை. நூறும் அதற்குக் கீழுமாக அதிர்வது கீழோசை. காவிரிப் படுகையில் பிறந்தவர்களுக்குக் கீழோசை புதிதன்று. மதகு திறந்ததும் தண்ணீர் விழும் இரைச்சல், தேர்ச் சக்கரம் புரளும்போது வீதியே முனகும் முனகல், மழைக்கு முன் வயலுக்கு அப்பால் உருளும் இடி, இவற்றையெல்லாம் நாம் காதால் மட்டுமன்றி மார்பாலும் கேட்கிறோம். இவற்றுள் தலையாயது தவிலின் தொப்பி ஓசையே என்பது என் கட்சி. தவில்காரர் வீட்டுப் பெண் வேறு எப்படிச் சொல்வாள் என்று நண்பர்கள் நகைக்கலாம். நகைக்கட்டும்.

தவிலை அருகில் பார்த்திராதவர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். பலா மரத்தைக் குடைந்து செய்த பீப்பாய் போன்ற உடல். அதன் இரு வாயிலும் தோல். வலப் பக்கம் வலந்தலை. அது இறுக்கமாக இருக்கும். துணியும் பசையும் கொண்டு செய்த கூடுகளை விரல்களில் மாட்டிக்கொண்டு அதை வாசிப்பார்கள். இடப் பக்கம் தொப்பி. அது தளர்ந்திருக்கும். பூவரசங் குச்சியால் அதை அடிப்பார்கள். வலந்தலை பேசும், தொப்பி அந்தப் பேச்சுக்குத் தரை போடும். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதல் அரித்துவாரமங்கலம் ஏ. கே. பழனிவேல் வரை இந்த மண்ணின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் சுமந்த வித்துவான்கள் பலர். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி இருந்தார். வலக்கை வேகத்தைக் கண்டு கூட்டம் கைதட்டும். ஆனால் தெரிந்தவர்கள் இடக்கையைத்தான் கவனிப்பார்கள் என்று என் தந்தை அடிக்கடி சொல்வார்.

என் தந்தை பெரிய வித்துவான் அல்லர். வெண்ணாற்றங்கரையில் உள்ள எங்கள் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் கோயில், கல்யாணம் என்று முப்பது ஆண்டுகளாக வாசிப்பவர். கல்யாண மேளம் என்பது மாதம் பார்த்து வரும் பிழைப்பு. தை, மாசி, வைகாசியில் உறங்க நேரம் இராது. ஆடியிலும் மார்கழியிலும் அழைப்பு இராது. இப்போது முகூர்த்த மாதங்களிலும் அழைப்பு குறைந்துவிட்டது. மாப்பிள்ளை அழைப்புக்குச் செண்டை மேளமும் வரவேற்புக்கு டி.ஜே. செட்டும் வந்துவிட்டன. ஆள் உயரப் பெட்டிகள் 'தும் தும்' என்று அதிரும்போது ஓரத்தில் அமர்ந்திருக்கும் தவிலுக்கும் நாகசுரத்துக்கும் என்ன மரியாதை இருக்கும்? தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளத்துக்கு மட்டும் கூப்பிட்டு, உடனே போகலாம் என்று சொல்லும் வீடுகளும் உண்டு.

2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் அந்தக் கெட்டிமேளமும் நின்றது. அப்போது டொராண்டோ நகரில் குடியேறிய யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று தெரிந்தவர் மூலம் எங்களைத் தேடி வந்தது. தங்கள் மகனுக்குத் தந்தையார் காணொளி வழியாகத் தவில் சொல்லித்தர வேண்டும் என்றார்கள். ஒரு மாணவர் மூவர் ஆனார். பிறகு சிங்கப்பூரிலிருந்து இருவர் சேர்ந்தனர். எங்கள் ஓட்டு வீட்டின் முன்னறை, பன்னிரண்டு அடிக்குப் பத்தடி, அலுவலகம் ஆயிற்று. ஒரு பழைய மேசை, தவணையில் வாங்கிய மடிக்கணினி, ஒரு மைக். என் கல்லூரிக் கட்டணமும் பேருந்துச் செலவும் இன்று அந்த அறையிலிருந்துதான் வருகின்றன.

அந்த அறையில் ஒரு குறை இருந்தது. மாணவர் வாசிக்கும் வலந்தலை தெளிவாகக் கேட்கும். தொப்பி 'டொக்' என்று மேசையைத் தட்டுவது போலக் கேட்கும். சில நேரங்களில் அதுவும் கேட்காது. குச்சி தோலில் படுவதைத் தந்தை கண்ணால் பார்த்தார், ஓசையைக் கேட்கவில்லை. சென்ற ஆண்டு ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் அவர் மடிக்கணினியை மூடிவிட்டுச் சொன்னார்:

"பாப்பா, பாதி வாத்தியந்தான் என் காதுக்கு வருது. மீதிய நான் ஊகிச்சுத்தான் திருத்துறேன். கேக்காததுக்குக் காசு வாங்கக் கூடாதும்மா. இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம்னு சொல்லிடறேன்."

அம்மா ஒன்றும் பேசவில்லை. ஐந்து மாணவர்களின் கட்டணம் எங்கள் வீட்டில் என்ன செய்கிறது என்பது அவருக்குத் தெரியும். அப்பா சொன்னதில் உள்ள நியாயமும் தெரியும். "ஒரு மாசம் பொறுங்கப்பா" என்று மட்டும் நான் கேட்டுக்கொண்டேன்.

ஓசை எங்கே தொலைகிறது என்று முதலில் பார்த்தேன். மூன்று இடங்களில் தொலையலாம். ஒன்று, அங்குள்ள மைக். இரண்டு, காணொளிச் செயலி. இந்தச் செயலிகள் பேச்சுக்காகவே ஆக்கப்பட்டவை. பேச்சல்லாத ஓசையை இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடும். மூன்று, நம் பக்கத்து ஒலிபெருக்கி. மாணவர்களைத் தனி மைக் வைத்துக்கொள்ளச் சொன்னோம். ஜூம் செயலியில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற வசதியை இருபுறமும் போட்டோம். இவற்றால் முதல் இரண்டு இடங்களும் ஓரளவு சரியாயின. பதிவை என் தோழியின் பெரிய ஹெட்போனில் கேட்டபோது தொப்பி 'தொம்' என்று வந்தது. ஆக, ஓசை கடல் கடந்து எங்கள் வீடு வரை வந்துவிட்டது. மேசை மீதிருந்த ஒலிபெருக்கிதான் அதை வெளியே விடவில்லை. நாள் முழுதும் ஹெட்போன் மாட்டிக்கொள்ள அப்பாவுக்கு ஒப்பவில்லை. தம் தவிலையும் மாணவர் தவிலையும் ஒரே அறைக்காற்றில் கேட்டால்தான் ஒப்பிட முடியும் என்றார்.

மடிக்கணினியின் ஒலிபெருக்கி ஏன் தொப்பியை விழுங்குகிறது? ஒலிபெருக்கிக் கூம்பு காற்றைத் தள்ளித்தான் ஓசை எழுப்புகிறது. அதிர்வெண் பாதியானால், அதே உரப்பு வேண்டுமென்றால், கூம்பு நான்கு மடங்கு தொலைவு அசைய வேண்டும். 200 ஹெர்ட்சில் கால் மில்லிமீட்டர் அசைந்தால் போதும் என்று வைத்துக்கொள்வோம். 50 ஹெர்ட்சில் அதுவே நான்கு மில்லிமீட்டர் ஆகிவிடும். விரல் நகம் அளவுள்ள கூம்பு எங்கே போகும்? எங்கள் வீட்டுத் தவிலில் தொப்பியின் ஓசையைக் கைப்பேசிச் செயலியால் அளந்தேன். அதன் வலு 100 ஹெர்ட்சை ஒட்டியும் அதற்குக் கீழுமே இருந்தது.

வீணையும் வாய்ப்பாட்டும் மட்டும் சிறிய ஒலிபெருக்கியில் எப்படிச் சகித்துக்கொள்ளும்படி கேட்கின்றன என்று வினவலாம். அவற்றின் மேல்சுரங்கள் அடிச்சுரத்தின் 2, 3, 4 மடங்குகளாக ஒழுங்காக அமைந்திருப்பவை. அடிச்சுரம் வராவிட்டாலும் நம் மூளை அதை இட்டு நிரப்பிக்கொள்ளும். வெறும் தோலின் மேல்சுரங்கள் அப்படி அமைவதில்லை; 1.59, 2.14, 2.30 என்று கோணலாக நிற்கும். மிருதங்கத்தின் வலந்தலையில் கரணை இடுவதால் அந்தக் கோணல் நீங்கி மேல்சுரங்கள் ஒழுங்காகின்றன என்பதை, திருச்சியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1920-இல் 'நேச்சர்' இதழில் வெளியான கட்டுரையில் விளக்கினார். தவிலுக்குக் கரணை இல்லை. ஆகவே மூளை இட்டு நிரப்பும் வித்தை இங்கே அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. கீழோசையை உண்மையாகவே எழுப்பித்தான் ஆக வேண்டும். அதற்கென்று உள்ள பெட்டியைத்தான் கடைக்காரர்கள் சப்வூஃபர் என்கிறார்கள். விலை கேட்டேன், கேட்டுவிட்டு, நாமே செய்வது என்று முடிவு செய்தேன். தன் கையே தனக்கு உதவி.

இன்று நாம் பயன்படுத்தும் இயங்கு சுருள் ஒலிபெருக்கியைச் செம்மையான வடிவில் 1925-இல் விளக்கியவர்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்ற இருவர். நெல் விளையும் நாட்டில் 'ரைஸ்' என்ற பெயரை மறக்க முடியாது! கூம்பு முன்னே போகும்போது முன்புறக் காற்று நெருங்கும்; பின்புறக் காற்று விரியும். இரண்டும் ஓரம் சுற்றி வந்து கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். பெட்டி இல்லாத வூஃபரைக் கையில் பிடித்து ஒலிக்கச் செய்தால் கூம்பு துடிப்பதைக் காணலாம். கீழோசையைக் கேட்க முடியாது. பெட்டி என்பது முதலில் இந்தக் கலப்பைத் தடுக்கும் சுவர்.

இரண்டாவது வேலையும் ஒன்று உண்டு. வெறுங்குடத்தின் வாயில் ஊதினால் ஒரு தனிச் சுரம் எழும். குடத்துக் காற்று சுருள்வில் போலவும் கழுத்துக் காற்று எடைக்கல் போலவும் இயங்குவதால் வரும் ஓசை அது. இதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆராய்ந்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். பெட்டியில் ஒரு குழாய் வைத்தால் பெட்டியும் அத்தகைய குடமாகி, கூம்பின் பின்புற ஓசையைக் கீழோசையாக மாற்றி வெளியே அனுப்பும். எந்த வூஃபருக்கு எவ்வளவு பெரிய பெட்டி, எவ்வளவு நீளக் குழாய் என்று கணக்கிடும் முறையை ஆஸ்திரேலியரான நெவில் தீல் 1961-இல் வெளியிட்டார். சிட்னியில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால் 1970-களில் அதை விரிவாக்கினார்.

தஞ்சை கீழவாசலில் அலைந்து எட்டங்குல வூஃபர் ஒன்று 950 ரூபாய்க்கு வாங்கினேன். டப்பாவில் வாட் எண்ணிக்கை மட்டுமே இருந்தது. கணக்குக்கு வேண்டிய எண் ஒன்றும் இல்லை. துறைத் தலைவர் அம்மா அவர்களிடம் அனுமதி பெற்று நம் ஆய்வகத்திலேயே அளந்தேன். ஆயிரம் ஓம் மின்தடையைத் தொடராக இணைத்து, அலைவு இயற்றியைத் திருப்பி, வூஃபரின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தேன். மின்னழுத்தம் உச்சம் தொட்ட இடம் 42 ஹெர்ட்ஸ். அதுவே அதன் இயல்பு அதிர்வெண். பிறகு 20 கிராம் மைதா மாவைப் பிசைந்து கூம்பின் நடுவில் ஒட்டினேன். உச்சம் 33-க்கு இறங்கியது. இந்த இரண்டு எண்களிலிருந்து அசையும் பகுதியின் நிறை சுமார் 32 கிராம் என்று வந்தது. நிறையும் அதிர்வெண்ணும் தெரிந்தால் வில்லின் இளக்கம் தெரிந்துவிடும். முதலாம் ஆண்டில் சுருள்வில்லில் எடை தொங்கவிட்டு நாம் எல்லோரும் செய்த சோதனைதான் இது.

கணக்கு நாற்பது லிட்டர் பெட்டி என்றது. உள்ளளவு 36, 32, 38 சென்டிமீட்டர். பெருக்கினால் ஏறக்குறைய 44 லிட்டர். வூஃபரும் குழாயும் குறுக்குக் கட்டைகளும் அடைக்கும் இடம் போக நாற்பது. ஊரில் போர்வெல் வேலைக்குப் போட்டது போக மிஞ்சிய பி.வி.சி. குழாய் கிடைத்தது, உள்விட்டம் 7 சென்டிமீட்டர். 40 ஹெர்ட்சுக்கு அதை 13 சென்டிமீட்டர் நீளத்துக்கு அறுக்க வேண்டும். தச்சு வேலை செய்யும் சித்தப்பா 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் மிச்சத் துண்டுகளாகப் பத்துச் சதுர அடி தந்தார். அறுத்ததும் அவரே. மைக் செட் வைத்திருக்கும் மாமா, பழுதான ஆம்ப்ளிஃபயரிலிருந்து 24-0-24 டிரான்ஸ்பார்மரைக் கழற்றிக் கொடுத்தார். டி.டி.ஏ. 7294 ஐ.சி. பொருத்திய போர்டும், 120 ஹெர்ட்சுக்கு மேலுள்ளதை வடிகட்ட 4558 ஐ.சி. போட்ட சிறு போர்டும் வாங்கினேன். மின்சாரம் உள்ளே வரும் வழியில் ஃப்யூஸ் போட்டேன். டிரான்ஸ்பார்மர் சட்டத்தை எர்த்தில் இணைத்தேன். இவ்விரண்டிலும் சிக்கனம் பார்க்கலாகாது.

இதுவரை அப்பா தள்ளியே நின்றார். பெட்டி உருவானதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "கல்யாண மண்டபத்துல நம்மள ஓரங்கட்டுனது இந்தப் பெட்டிதானே? அத வீட்டுக்குள்ளயே கொண்டாந்துட்டியா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால் எனக்கு இன்னும் வருத்தமாக இருந்தது. அந்தப் பெட்டிகளுக்கும் இதற்கும் இயற்பியல் ஒன்றுதான் என்பதை நான் எப்படி மறுப்பேன்? "அது அவங்க கையில இருந்துச்சுப்பா, இது உங்க கையில இருக்கட்டும்" என்றேன்.

அவர் பெட்டியருகே வந்து உட்கார்ந்தார். பழக்கத்தால் கை பலகையைத் தட்டியது. ஒரு பக்கம், மறு பக்கம், மேலே, மூலை. பிறகு பின்பலகையின் நடுவில் நிறுத்தி, "இந்த எடம் பாடுது" என்றார். "பாடக் கூடாதுப்பா" என்றேன். அவருக்கு வியப்பு. தவிலிலும் தஞ்சாவூர் வீணையிலும் பலா மரம் பாட வேண்டும். அதற்காகவே அந்த மரத்தைத் தேடிப் பிடிக்கிறார்கள். இந்தப் பெட்டியிலோ மரம் ஊமையாக இருக்க வேண்டும். காற்றும் கூம்பும் மட்டுமே பேச வேண்டும். இதைச் சொன்னதும் அப்பாவுக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. எங்கெங்கே பலகை பாடுகிறதோ அங்கெல்லாம் சுண்ணாம்பால் புள்ளி வைத்தார். சித்தப்பா அந்தப் புள்ளிகளில் குறுக்குக் கட்டை கொடுத்தார். கட்டைகளின் இடத்தை நான் கணக்கிட்டிருந்தேன். அப்பாவின் புள்ளிகள் இரண்டு என் கணக்கோடு ஒத்துப்போயின, மூன்றாவது என் கணக்கிலேயே இல்லை. அந்த மூன்றாவது இடத்தில் கட்டை வைத்த பிறகுதான் பெட்டி முற்றிலும் அடங்கியது.

இணைப்புகளைப் பெவிகாலும் மரத்தூளும் குழைத்துப் பூசி அடைத்தோம். 30 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஊதுபத்தியை மூட்டு மூட்டாகப் பிடித்துப் பார்த்தோம். புகை நடுங்கும் இடத்தில் காற்று கசிகிறது என்று பொருள். பிறகு மல்டிமீட்டர் சோதனையை மறுபடி செய்தேன். முன்பு ஒரே சிகரம் இருந்த இடத்தில் இப்போது இரண்டு சிகரங்கள். நடுவில் ஒரு பள்ளம். பள்ளம் 41 ஹெர்ட்சில் நின்றது. காகிதத்தில் போட்ட கணக்குக்கு ஒன்றுதான் வேறுபாடு.

பெட்டியை எங்கே வைப்பது என்பதும் ஒரு கணக்கே. 40 ஹெர்ட்ஸ் ஓசையின் அலைநீளம் எட்டரை மீட்டருக்கும் மேல். எங்கள் அறையில் அது முழுதாக நிற்கக்கூட இடமில்லை. பன்னிரண்டடி நீளத்துக்கு 47 ஹெர்ட்சை ஒட்டி ஒரு நிலையலை எழும். அதனால் மூலையில் வைத்தால் ஓசை வீங்கும். வேறோர் இடத்தில் வற்றிவிடும். அப்பா அமரும் பாயில் பெட்டியை வைத்து ஒலிக்கவிட்டு, அப்பா அறை முழுதும் குனிந்து நகர்ந்து கேட்டார். எங்கே 'தொம்' சீராகக் கேட்டதோ அங்கே பெட்டி குடியேறியது. அது அவருக்கு இடப்புறமாக அமைந்தது. மிகக் கீழோசைக்குத் திசை தெரியாது என்று நான் பாடம் சொன்னேன். "தெரியாட்டி என்ன, தொப்பி எடது பக்கந்தான் இருக்கணும்" என்றார்.

இனி அண்டை வீட்டார். ஒலி மாசு விதிகள், 2000-இன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் என்பது வரம்பு. டொராண்டோவில் மாலை ஏழரை என்றால் குளிர்காலத்தில் இங்கே காலை ஆறு. அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் கோடையில் காலை ஐந்து. கீழோசையோ சுவரை எளிதில் ஊடுருவும். பெட்டியின் அடியில் பழைய டயர் ரப்பரை மடித்து வைத்தோம், மட்டத்தையும் குறைத்தோம். ஓசையைக் குறைத்தால் நம் காதுக்குக் கீழோசைதான் முதலில் மறையும் என்று ஃபிளெட்சர், மன்சன் இருவரும் 1933-இலேயே காட்டியிருக்கிறார்கள். ஆகவே பெட்டியை அப்பாவின் பாயிலிருந்து இரண்டடிக்குள் நகர்த்தினோம். இந்த ஏற்பாட்டில் அவருக்குக் கேட்கிறது. ஒரே சுவரைப் பங்கிடும் பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. வகுப்பு நேரத்தில் நானே அங்கே போய் உட்கார்ந்து கேட்டேன், குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

முதல் வகுப்பில் டொராண்டோ மாணவர் ஆதி தாளத்தில் ஒரு கோர்வை வாசித்தார். பாதியில் அப்பா கையை உயர்த்தினார். "தம்பி, குச்சிய அடிச்சதும் தோல்லயே அழுத்திப் புடிக்கிறீங்க. அடிச்சுட்டு விட்டுருங்க, அது பேசட்டும்." மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு கேட்டார்: "ஒங்க ஊருல இப்ப ஹீட்டர் போட்டிருக்கீங்களா? தொப்பித் தோல் காஞ்சு இறுகியிருக்கு. கொஞ்சம் தளத்திக்குங்க." ஹீட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஓர் அறையின் வறட்சியை அவர் காதால் கண்டுபிடித்தார். மாணவரின் தாயார் திரையில் வந்து சிரித்தார். வகுப்பை நிறுத்தும் பேச்சு அன்றோடு எங்கள் வீட்டில் இல்லை.

இந்தப் பெட்டியால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஓசை வந்து சேர எடுக்கும் தாமதத்தால் குருவும் மாணவரும் சேர்ந்து வாசிக்க முடியாது. ஒருவர் முடித்த பிறகே மற்றவர் தொடங்க வேண்டும். மாணவரின் மணிக்கட்டைத் தொட்டுத் திருத்தவும் முடியாது. கல்யாண அழைப்புகள் கூடிவிடவும் இல்லை. ஆனால் கேட்டதற்குத்தான் காசு வாங்குகிறோம் என்ற நிம்மதி அப்பாவுக்குக் கிடைத்திருக்கிறது. மொத்தச் செலவு 2,380 ரூபாய். சித்தப்பாவின் கூலியும் மாமாவின் டிரான்ஸ்பார்மரும் இதில் சேரா.

நண்பர்களே, அதிர்வெண், நிறை, நிலையலை என்று நாம் செய்முறை ஏட்டில் எழுதிக் கையொப்பம் வாங்கும் சொற்களுக்கு நம் வீடுகளில் வேலை காத்திருக்கிறது. நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். நாம் கற்பதைப் பெற்றோர் அறியமாட்டார்கள் என்று எண்ண வேண்டா. அவர்கள் வேறு பெயர்களில் அறிந்துவைத்திருப்பதை ஒருமுறை தட்டிக் கேட்டுப் பாருங்கள்.

பக்கத்து ஊரில் இணையம் வழியே கற்பிக்கும் மற்றொரு தவில் ஆசிரியர் தமக்கும் ஒரு பெட்டி கேட்டிருக்கிறார். அதற்கான பலகை சித்தப்பாவின் பட்டறையில் இருக்கிறது. தட்டிப் பார்க்க அப்பா ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அளவுகள் வேண்டுவோர் மாலை நான்கு மணிக்கு மேல் இயற்பியல் ஆய்வகத்தில் என்னைக் காணலாம்.